உத்தரவில்லாத சிங்கம்

தம்பி,

இன்று காலை கவர்னர் வசிக்கும் லாட் மாளிகைச் சேவகர் ஒருவர் தம் சிவப்புக் கம்பளிக் கோட்டைக் கொண்டுவந்தார். தோள்பட்டையைப் பிரித்துத் தைக்க வேண்டுமாம். தண்ணீர் தெளித்து இஸ்திரிப் பெட்டியை வைத்ததும், நனைந்த கம்பளி வாடை குப்பென்று எழுந்தது. அதோடு நீயும் எழுந்து வந்துவிட்டாய். நீ போய் இன்னும் ஒரு மாதம்கூட ஆகவில்லை.

மொகல் தெருவில் நம் கடை முழுக்க இந்த வாடைதான். மாளிகைச் சேவகர்களின் உடுப்பு வேலை நமக்குக் கிடைத்திருந்த சமயம். வெட்டுவதும் தைப்பதும் நான். துரைமாரிடம் இங்கிலீஷ் பேசி வேலை பிடிப்பது நீ. ரங்கூனுக்கு வந்த கப்பலில், தலைதூக்க முடியாமல் கிடந்த உனக்குக் கஞ்சி ஊட்டினேன் என்பதற்காக என்னை அண்ணன் என்று அழைக்கத் தொடங்கியவன் நீ. இருவரும் கூட்டாகக் கடை லைசென்ஸ் எடுத்தபோதும், "மூத்தவரு பேர்லயே இருக்கட்டும் அண்ணே" என்றாய். கூடப் பிறந்தவன்கூட இப்படி விட்டுக்கொடுப்பானா என்று நான் பூரித்துப்போனேன்.

ஒரு மத்தியானம் ரிக்‌ஷாவில் ஒரு பெரிய மரப்பலகையோடு வந்து இறங்கினாய். சீனர் பேட்டையான லத்தாவில் தச்சர் ஒருவரிடம் செதுக்கச் சொன்னதாம். நடுவில் கேடயம், மேலே கிரீடம், ஒருபுறம் சிங்கம், மறுபுறம் ஒற்றைக் கொம்புக் குதிரை. இங்கிலாந்து ராஜாவின் சின்னம்.

"இத நாம மாட்டலாமா தம்பி? சர்க்கார் முத்திரையாச்சே."

"உத்தரவு வாங்கியாச்சு அண்ணே. மாளிகை மேனேஜர் துரையே வாயால சொல்லிட்டாரு. அவங்களுக்குத் தைக்கிறோம்ல, வச்சுக்கலாமாம்."

"எழுத்துல ஏதாவது..."

"துரை சொன்னா போதாதா? நீங்க தையலப் பாருங்க."

நீ ஏணியைப் பிடித்துக்கொண்டாய். நான் ஏறி மாட்டினேன். தேங்காய் உடைத்தோம். எதிரே லுங்கி விற்ற பர்மாக்காரி மா தின், "உங்க குதிரைக்கு மட்டும் ஏன் கொம்பு?" என்று பர்மியப் பேச்சில் கேட்டுச் சிரித்தாள். அதன்பின் நம் கடைக்கு வந்த கூட்டம் உனக்கும் தெரியும்.

பிறகு போலீஸ் வந்தது. ராஜாவின் சின்னத்தை உத்தரவில்லாமல் கடையில் வைத்து, சர்க்காரின் ஆள்போலக் காட்டிக்கொள்வது குற்றம் என்றார்கள். லைசென்ஸ் என் பேரில் இருந்ததால் வழக்கும் என் பேரில்தான். நான் அவ்வளவாகப் பயப்படவில்லை. துரை சொன்னதை நீ வந்து கோர்ட்டில் சொல்லிவிடுவாய் என்று இருந்தேன்.

நீ வந்தாய். இங்கிலீஷில் பேசினாய். எனக்குப் புரியாததால் துபாஷி என் பக்கம் குனிந்து சொன்னார்: "மாட்டாதீங்கன்னு எத்தனையோ தடவ சொன்னாராம். நீங்கதான் கேக்கலையாம். அவரு உங்ககிட்டச் சம்பளத்துக்கு இருந்தவராம்."

துபாஷி ஏதோ தப்பாகப் புரிந்துகொண்டார் என்றே நினைத்தேன். உன்னைப் பார்த்தேன். நீ மேலே ஆடிய பங்கா விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாய். அந்தப் பொய்யை எனக்குத் தெரிந்த பாஷையில் சொல்லும் கஷ்டம்கூட உனக்கு நேரவில்லை.

அபராதம் போட்டார்கள். சின்னத்தை நானே ஏறிக் கழற்ற வேண்டியதாயிற்று. தண்டனை பெற்றவனுக்கு மாளிகை வேலை இல்லை என்றார்கள். அந்த வேலை அடுத்த தெருவில் நீ திறந்த புதுக் கடைக்குப் போனது. என் கடையை மூடினேன். அன்றிலிருந்து இன்னொருவர் கடையில் கூலிக்குத் தைக்கிறேன்.

அப்போதும் உனக்காக எனக்குள்ளேயே வாதாடினேன். கோர்ட்டைக் கண்டு பயந்திருப்பான், சின்னவன்தானே என்று. காளி கோயிலில் மாளிகை பட்லரைச் சந்திக்கும்வரை. நம் தமிழ் ஆள்தான் அவர்.

"உங்க கூட்டாளி வந்து கேட்டாருங்க. கூடவே கூடாது, வச்சா கேஸாகும்னு துரை அப்பவே சொல்லிட்டாரு. நான் பக்கத்துலதான் நின்னேன்."

"எப்ப?"

"நீங்க அத மாட்டுறதுக்கு முன்னாலயே."

தெரிந்துதான் ஏணியைப் பிடித்திருக்கிறாய். அதன்பின் உனக்காக வாதாட என்னிடம் ஒன்றும் இல்லை.

காய்ச்சலில் நீ போய்விட்டாய் என்று கேள்விப்பட்டு வந்தேன். பாடை தூக்க ஆள் குறைந்தது. நானும் தோள் கொடுத்தேன். திரும்பி வந்ததும் உன் மனைவி அழுதுகொண்டே கேட்டாள்: "அவரு கடைசி வரைக்கும் அண்ணே, அண்ணேன்னுதான் சொல்லிக்கிட்டிருந்தாரு. நீங்கதான் ஏதோ கோவிச்சுக்கிட்டு வராமலே இருந்துட்டீங்க. அப்படி என்ன கோவம்?"

உன் பெண்கள் இருவரும் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தார்கள்.

"என் முன்கோபம்தாம்மா" என்றேன்.

அந்தப் பழியையும் சேர்த்தே சுமக்கிறேன். உன் பெண்கள் என்னைக் கல்நெஞ்சக்காரப் பெரியப்பன் என்று நினைத்தே வளரட்டும். அவர்களுக்கு அவர்கள் அப்பா வேண்டும். ஆனால் தம்பி, நான் உன்னை மன்னித்துவிட்டேன் என்று மட்டும் எண்ணிக்கொள்ளாதே.