நன்றி அனுப்பும் கருவி

செப்டம்பர் 4, வியாழன்

எங்கள் ஊராம் ஸ்கூடாய் வாழ் பெருமக்களுக்கும் எங்கள் தாமான் குடியிருப்புப் பூனைகளுக்கும் பணிவுடன் அறிவிப்பது: லோகேஸ்வரன் ஆகிய நான் இன்று முதல் கருவி விளக்க ஆசிரியர். சம்பளம், அக்கா வாங்கித் தரும் ரொட்டி சானாய்.

அம்மாவின் சைவச் சமையல் ஆர்டர்களை வாட்ஸ்அப்பில் கவனிக்க லோஷினி அக்கா ஒரு ஏஐ வைத்திருக்கிறாள். அதன் கையில் சில கருவிகள்: ஆர்டரைப் பதிய, விலை சொல்ல, நன்றி அனுப்ப. ஒவ்வொன்றும் என்ன செய்யும், எப்போது எடுக்கலாம், எப்போது எடுக்கக் கூடாது என்று அதற்குப் புரியும்படி நான் எழுத வேண்டும். அக்காவுக்குப் பாலம் தாண்டி சிங்கப்பூரில் வேலை, தினமும் பாலத்தில் ஜாம், நேரமில்லை.

"நீ கண்ணடிச்சா அதுக்குத் தெரியாது லோகா. எழுதினத அப்படியே நம்பும்," என்றாள்.

நம்பட்டுமே. இந்த வீட்டில் என்னை நம்ப ஒரு ஜீவனாவது வேண்டாமா?

செப்டம்பர் 6

முடித்துக் கொடுத்துவிட்டேன். நன்றிக் கருவிக்கு எழுதியதுதான் உச்சம்: 'சாப்பாடு போய்ச் சேர்ந்ததும் எல்லாருக்கும் அனுப்பு. கலகலப்பாக வாழ்த்து. இதுபோல் உங்கள் வீட்டில் அடிக்கடி நடக்கட்டும், அண்டாவோடு காத்திருக்கிறோம் என்று சொல்.' எப்போது எடுக்கக் கூடாது? 'அப்படி ஒரு நேரமே இல்லை.' நன்றிக்குப் போய் நேரம் காலமா!

அக்கா ஏற்றியதும் முதலில் அது போன ஒரு பிறந்தநாள் வீட்டில் விழுந்து விழுந்து சிரித்தார்களாம். நான் மேதை.

செப்டம்பர் 13, சனி



இன்றைய சாப்பாடு பின்தெரு அர்ச்சுனன் மாமா வீட்டுக்கு. அத்தையின் கருமாதி. வேன் கிளம்பிய பிறகுதான் எனக்கு உறைத்தது. அந்த வீட்டுக்குப் போய் — 'இதுபோல் அடிக்கடி'.

அக்காவுக்குப் போன் அடித்தேன். எடுக்கவில்லை. மறுபடியும். வேலையிடத்தில் போனை வாங்கி வைத்துவிடுவார்கள். கருவியை நிறுத்தும் பாஸ்வேர்ட் அவளிடம். வேன் ஓட்டும் சுகுமாறன் அண்ணனுக்கு அடித்து, இறக்காதீர்கள் என்றேன்.

"எறக்கி, டெலிவரின்னு அமுக்கியாச்சு. ஏன்டா?"

அமுக்கியதும் ஏஐ நன்றி அனுப்பிவிடும். அது துக்க வீடு என்று அதற்குக் கொஞ்சமாவது தெரியாதா? எப்படித் தெரியும்? அம்மா ஏற்றிய ஆர்டரில் பெயர், முகவரி, நூறு பேர் — அவ்வளவுதான். கருமாதி என்ற சொல்லை அம்மா ஆர்டரில் எழுதவே மாட்டார், அபசகுனமாம். நானோ 'எல்லாருக்கும்' என்று எழுதினேன். ஐயோ, போயிருக்குமா?

மாலை. போயிருக்கிறது. பாத்திரம் எடுக்கப்போன அம்மாவிடம் மாமா போனை நீட்டிக் காட்டிவிட்டு உள்ளே போய்விட்டாராம்.

"இனிமே அந்த வாசல்ல நான் எப்படிடா நிப்பேன்?"

ஏஐ உளறிடுச்சும்மா என்றேன். பழியை அதன்மேல் தள்ளியது என் வாயா?

செப்டம்பர் 14

அக்கா கருவியை நிறுத்திவிட்டாள். நான் எழுதியதைத் திரையில் திறந்து வைத்துவிட்டுப் போய்விட்டாள். திட்டித் தொலைத்திருக்கலாம்.

நானே மாமா வீட்டுக்குப் போய், எழுதியது நான்தான் என்று தலைநிமிர்ந்து சொல்லிவிட்டு வந்தேன். இந்த வயதில் இந்தத் தைரியம் யாருக்கு வரும் என்று மாமா தோளில் தட்டினார். முடிந்தது விவகாரம்.

செப்டம்பர் 15

திருத்தி எழுதினேன். 'சாப்பாடு எதற்கு என்று தெரிந்தால் மட்டும் நன்றி அனுப்பு. தெரியாவிட்டால் அனுப்பாதே, அம்மாவிடம் கேள். துக்க வீட்டுக்கு எதுவும் அனுப்பாதே.'

இதுல ஜோக் எங்கே என்று அக்கா கேட்டாள். இல்லை என்றேன். இன்னொரு முறை படித்துவிட்டு ஏற்றினாள்.



செப்டம்பர் 17

ஞாயிற்றுக்கிழமை எழுதியது பொய். மாமா வீட்டு கேட்வரைதான் போனேன். அவர் கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டுக் கார் பின்னால் குனிந்தபடியே திரும்பி வந்துவிட்டேன். தோளை யாரும் தட்டவில்லை.

இன்றுதான் போனேன், அதுவும் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்து. மனப்பாடம் செய்தது ஒன்றும் வரவில்லை. "மாமா, அந்த மெசேஜு... நான்தான்..." அதற்குள் அழுகை முந்திக்கொண்டது.

"தெரியும்டா. உன் வாய்க்கொழுப்பு எனக்குத் தெரியாதா?" என்றார். கோபமா, இல்லையா? முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது. அம்மாவை உள்ளே வரச் சொல்லி நாற்காலி போட்டார். எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து, அழுகை நிற்கும்வரை பக்கத்திலேயே நின்றார்.

பெண்டாட்டியைப் பறிகொடுத்த மனுசன். அவரையே என்னைத் தேற்ற வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.