குணசேகரின் ஊன்றுகோல்

தேசம்மாவுக்கு,

நான் சொல்லச் சொல்ல, சொட்டு மருந்து கொடுக்கும் மேரி எழுதுகிறாள். நான் சுகம். உன் முட்டிவலி தேவலையா?

போலியோ ஞாயிறன்று மேரிக்குத் துணையாக இங்கே ஜீவனஹள்ளியில் வீடு வீடாகப் போனேன். ஒருத்தி பிள்ளையின் விரலில் தானே மை தடவி, "போட்டாச்சு தாத்தா" என்றாள். மருந்து கொடுத்தால் இடது சுண்டுவிரலில்தான் மை வைப்பார்கள், இது வலது.

"நானும் பொய் சொன்னவன்தாம்மா. ஜுரம் வரும்னு பயந்து, பையனை மூட்டைக்குப் பின்னால ஒளிச்சு வெச்சு, நர்ஸம்மாவைத் திருப்பி அனுப்பினேன். அவன் கால் போச்சு" என்றேன். கதவைச் சாத்திவிட்டாள்.

நர்ஸ் வந்த அன்று நீ கழனியில் இருந்தாய். நர்ஸ் வரவேயில்லை என்று உன்னிடம் சொன்னேன். நம் பிள்ளை குணசேகரைப் புதைத்த அன்றும் அதையே சொன்னேன்.

நீ யாரையும் தொடவிடாத அவன் ஊன்றுகோலைக் கொடுத்தனுப்புவாயா? அந்தக் கதவை மறுபடி தட்ட வேண்டும். மேரிக்கு நேரமாகிவிட்டது.

மாசிலாமணி