புது டிஸ்க் கெடலீங்க

ஏனுங்க,

பட்டறைக் கம்ப்யூட்டர்ல பழைய விண்டோஸை ஏத்திப்போட்டேன். லேத்து புரோகிராம் ஓடுதுங்க. புது டிஸ்க்கை நான் கெடுத்துப்போட்டேன்னு ஆளுங்க முன்னாடி திட்டுனீங்களே, அது கெடலீங்க. உள்ளயேதான் இருந்துச்சு. பழைய விண்டோஸுக்கு அதைப் பார்க்கத் தெரியல, அவ்வளவுதான். அதை அடையாளம் காட்டுற டிரைவர்ங்கிற சின்ன புரோகிராமைப் பென்டிரைவ்ல போட்டுக் குடுத்ததும் கண்டுபிடிச்சிருச்சு.

அரிசிம்பருப்பு சோறு குக்கர்ல இருக்குது. நெய் ஊத்திக்கோங்க. பதினோரு மணிக்கு கேஸ்காரர் வருவாரு, கதவைத் திறந்து உடுங்க.

நான் காங்கேயத்துக்கு அம்மா ஊட்டுக்குப் போறேன்.

நித்யஸ்ரீ

பென்டிரைவ் மேஜை டிராயர்ல இருக்குது, தொலைச்சுப்போடாதீங்க.

நாலு நாளா உங்களுக்கு எதிர்லயேதான் உக்காந்து சாப்பிட்டேன். உங்களுக்கு என்னத்தைப் போட்டுக் குடுத்தா நான் கண்ணுக்குத் தெரிவேன்னுதான் தெரியலீங்க.

கூப்பிட்டீங்கன்னா சாயங்கால பஸ்ஸுக்கே வாரேன்.