இரண்டு அவில்லியாக்கள்

ரோம், மார்ச்

அக்காவுக்குச் சின்னவள் எழுதுவது. நீ சுகமென்றால் நானும் சுகம். அப்படித்தானே தொடங்க வேண்டும்?

டைபர் ஆறு பெருகித் தெருவுக்குள் வந்துவிட்டது. கீழ்த்தளம் ஊறி, நாங்கள் இருக்கும் நாலாவது மாடி வரை சுவர் விரிசல் விட்டிருக்கிறது. ரொட்டிக்கு அடிதடி. ஜனவரியில் ஒரு பேரரசரை நடுவீதியில் வெட்டினார்கள். அடுத்தவரும் நிலைப்பாரா தெரியவில்லை. நீயோ வடக்கே கிரெமோனா ஊரில் விருந்துக்கூடத்துக்கு வண்ணம் பூசுவதாக எழுதுகிறாய். வயிறு எரிகிறது அக்கா, மறைக்க மாட்டேன். நம் இருவருக்கும் அப்பாவின் குலப்பெயர்தான் பெயர், இருவருமே அவில்லியா. ஆனால் அப்பா “அவில்லியா”ன்னு கூப்பிட்டால் நீதான் முதலில் ஓடுவாய். நான் வெறும் சின்னவள்.

கிரெமோனா, ஜூன்

அடி சின்னவளே,

மூன்றாவது பேரரசர் எங்கள் ஊருக்கே வந்தார்! வழியெல்லாம் ரோஜாப்பூ கொட்டினோம். அவரிடம் தோற்ற இரண்டாமவரின் வீரர்களைக் கொண்டே விளையாட்டரங்கு கட்டினார்கள். நானும் தோழிகளும் பக்கத்தில் நின்று, “என்னப்பா, வாளைவிடக் கொத்துக்கரண்டி உங்க கையில நல்லா நிக்குதே!” என்று கேலி செய்தோம். அவர்கள் குனிந்து கல் அடுக்கிக்கொண்டே இருந்தார்கள். அக்டோபர் சந்தைக்கு வா, பட்டு எடுத்துத் தருகிறேன்.

பெரியவள்

கிரெமோனா, அக்டோபர்

சின்னவளே,

நாலாவதாக ஒருவரைப் பேரரசராக்க எங்கள் ஊரை நோக்கிப் படை வருகிறது. அன்று நாங்கள் கேலி செய்தோமே, அதே வீரர்களும் அதில் இருக்கிறார்கள். மதில் இருக்கிறதே என்கிறார் உன் அத்தான். எனக்குப் பயமாக இருக்கிறது. உன்னிடம் வந்து தங்கட்டுமா? ஒரு மூலை போதும்.

ரோம், அக்டோபர்

அக்கா,

நாலாவது மாடியில் உன் வெள்ளித் தட்டுகளை எங்கே வைப்பேன்? நீ பூக்கொட்டி வரவேற்றவர் உன்னைக் காப்பாற்ற மாட்டாரா? சந்தை முடியட்டும், பார்க்கலாம்.

அவில்லியா

ரோம், நவம்பர்

அக்கா,

கிரெமோனா எரிந்துவிட்டதாம். மதிலுக்கு வெளியே ஒரு கோயில் மட்டும் நிற்கிறதாம். பிடிபட்டவர்களை வீரர்கள் விற்கிறார்கள். சொந்த நாட்டு மக்களை வாங்குவது பாவமென்று யாரும் வாங்கவில்லை. விலைபோகாதவர்களை வெட்டுகிறார்களாம். அதனால் உறவுக்காரர்கள் சத்தமில்லாமல் மீட்டு வருகிறார்கள்.

என் வளையல்களோடும் இந்தக் கடிதத்தோடும் என் வீட்டுக்காரர் கிளம்புகிறார். பொறாமையில் எழுதிவிட்டேன் அக்கா. மூலையைத் துடைத்துப் படுக்கை விரித்திருக்கிறேன்.

நீ கிரெமோனா போன பிறகுதானே எனக்குக் கல்யாணம், அவர் உன்னைப் பார்த்ததே இல்லை. கூட்டத்துக்குள் போய் “அவில்லியா”ன்னு கத்தச் சொல்லியிருக்கிறேன். அந்தப் பெயருக்கு நீதானே முதலில் ஓடுவாய். ஓடி வா.

சின்னவள்