கோடிப் பொட்டலத்தில் இன்னொரு சேலை

கார்த்திகை 4, வியாழன்

காலையிலிருந்து தூறல். குடைக் கம்பி ஒன்று முறிந்து கிடக்கிறது, சரி செய்ய வேண்டும். போன மாதமும் இதையே எழுதியிருக்கிறேன்.

நாளை குருவிகுளம் போக வேண்டும். தங்கை பேச்சியம்மாளின் புருஷன் இறந்து நாளையோடு பதினாறு நாள். பிறந்த வீட்டுக் கோடிச் சேலை நான்தான் கொண்டுபோக வேண்டும். அப்பா இல்லை, வேறு அண்ணன் தம்பியும் இல்லை. பேச்சிக்கு இருபத்து நான்கு வயது. குழந்தை இல்லை.

கொண்டுபோக: வெள்ளைச் சேலை 1. அரிசி. பலசரக்கு (என் வீட்டுக்காரி செல்லம் கட்டி வைத்துவிட்டாள்). பஸ்ஸுக்குச் சில்லறை.

தலைமை ஆசிரியரிடம் லீவு கேட்டேன். "சாக்பீஸ் அலமாரிச் சாவிய மட்டும் குடுத்துட்டுப் போவும்" என்றார். பதினோரு வருஷமாக இந்தப் பள்ளிக்கூடத்துக் குமாஸ்தா. ஒரு நிப்பு குறைந்தாலும் எழுதி வைக்கிறவன் என்று எனக்குப் பேர். கிண்டலாகத்தான் சொல்கிறார்கள். எனக்கு உள்ளூரப் பெருமை.

சாயங்காலம் ரத வீதி ஜவுளிக் கடை. கல்யாணக் கூட்டம் ஒன்று சேலைகளை மலையாகக் குவித்துப் போட்டிருந்தது. நான் கோடித் துணி என்றதும் எல்லாரும் கொஞ்சம் விலகிக்கொண்டார்கள். கோடிக்கு வருகிறவனை வாங்க என்று கூப்பிட மாட்டார்கள். விலை பேசக் கூடாது. கடையில் விரித்துப் பார்க்கவும் கூடாது, சாவு வீட்டில்தான் பிரிக்க வேண்டும். துணி எடுத்துப் போடும் சுடலைமுத்து, ஐம்பது வயது இருக்கும், "யாருக்கு?" என்று மட்டும் கேட்டார். தங்கச்சிக்கு என்றேன். குவியலுக்குப் பக்கத்திலிருந்து ஒரு வெள்ளையை எடுத்துப் பேப்பரில் சுற்றிச் சணல் போட்டுக் கட்டினார். பணத்தைக் கொடுத்துவிட்டுப் போய்வருகிறேன் என்று சொல்லாமல் இறங்கினேன். அதுவும் சொல்லக் கூடாது.

கார்த்திகை 6, சனி

மழை விட்டது. சின்னவனுக்குக் காய்ச்சல். செல்லம் கோவில் புற்று மண் பூசியிருக்கிறாள். நேற்று நடந்ததை எழுதிவிட வேண்டும்.

குருவிகுளத்தில் இறங்கும்போது பத்து மணி. கரிசல் மண் செருப்பைப் பிடுங்கிக்கொண்டது, கையில் எடுத்துக்கொண்டு நடந்தேன். வீட்டில் பெண்கள் நடுவில் பேச்சி. அவள்தான் என்று தெரிய எனக்கு ஒரு நிமிஷம் ஆயிற்று. பொட்டலத்தை அவள் மாமியார் பிரித்தார். வெள்ளைச் சேலையை எடுத்து உதறினார். மடிப்புக்குள்ளிருந்து இன்னொன்று விழுந்தது. அரக்குச் சிவப்புச் சுங்குடி. புத்தம் புதுசு, கடைச் சீட்டு ஒட்டியபடி.

மாமியார் என்னைப் பார்த்தார்.

"என்ன தம்பி இது? தாலி அறுத்த வீட்டுக்குச் செவப்பா கொண்டாருவாக?"

நான் ஒரு சேலைக்குத்தான் பணம் கொடுத்தேன். கடையில் தவறிச் சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள் என்று அந்த நொடியே புரிந்துவிட்டது. சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பேச்சி கையை நீட்டி அந்தச் சிவப்பை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"எங்கண்ணன் கொண்டாந்தது. இருக்கட்டும் அத்தே."

எடுத்த வாயை மூடிக்கொண்டேன்.

கிளம்பும்போது கிணற்றடி வரை கூட வந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "எல்லாருமாச் சேந்து என்னையும் பொதச்சாச்சுன்னு நெனச்சேன்ணே. நான் இன்னும் உசுரோட இருக்கேன்னு நீ ஒருத்தன்தான் நெனச்சிருக்க."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று ஓடி வந்தேன்.

பஸ்ஸில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. யாரும் படிக்கப் போவதில்லை, எழுதிவிடுகிறேன். நல்ல அண்ணனாக இருப்பது எப்படியிருக்கும் என்று இருபது மைல் தூரம் அனுபவித்துக்கொண்டே வந்தேன். உண்மையில் பேச்சிக்கு வெள்ளை தவிர வேறு ஒன்று எடுக்கலாம் என்று என் புத்தியில் ஒரு நிமிஷம்கூடத் தோன்றவில்லை.

கார்த்திகை 7, ஞாயிறு

எண்ணெய்க் குளியல். காய்ச்சல் இறங்கியது.

செ.யிடம் விஷயத்தைச் சொன்னேன். "கடையில போய்ச் சொல்லிருங்க. நமக்கு எதுக்கு" என்றாள். சேலை பேச்சியிடம் இருக்கிறது, கேட்டு வாங்க முடியாது என்றேன். "அப்போ துட்டக் கெட்டணும். எங்கேருந்து கெட்டுவீக?" கால் மாதச் சம்பளம் ஆகும். வெளியே போய் உட்கார்ந்தேன்.

சொல்லாமல் இருக்க நான் தேடிப் பிடித்த நியாயங்கள்:

1. தப்பு கடையுடையது. நான் எடுக்கவில்லை.

2. கோடிக்கு யாரும் விலை பேச மாட்டார்கள் என்று தெரிந்து கூட்டித்தான் வாங்குகிறார்கள்.

3. அவ்வளவு பெரிய கடை. ஒரு சேலையில் முழுகிவிடாது.

4. சாவு வீட்டுக்குப் போன துணியைத் திரும்பக் கடைக்குள் ஏற்ற மாட்டார்கள்.

5. பேச்சி.

முதல் நான்கும் சும்மா. ஐந்தாவதும் ஏமாற்று வேலைதான். கடையில் பணம் கட்டினால் குருவிகுளத்தில் இருக்கிற பேச்சிக்கு எப்படித் தெரியும்? தெரியாது. கட்ட மனசில்லை, அவ்வளவுதான். அதற்குப் பாவம் அவளை ஐந்தாம் நம்பராக இழுத்து வைத்திருக்கிறேன்.

கார்த்திகை 10, புதன்

மேகமூட்டம். இன்ஸ்பெக்‌ஷன் வருகிறதாம், பழைய ரிஜிஸ்தர் எல்லாம் தூசு தட்டியாயிற்று. இரண்டு நிப்பு குறைகிறது. ஐந்தாம் வகுப்பு வாத்தியாரை நிற்க வைத்துக் கேட்டேன். கையெழுத்தும் வாங்கினேன். "உம்மகிட்டத் தப்ப முடியுமா வே" என்று சிரித்தார். எனக்குக் காது சுட்டது.

ரத வீதி வழியாக வந்தேன். கடை வாசலில் சுடலைமுத்து. மழையில்லாத நேரத்தில் குடையை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டு போன ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

கார்த்திகை 12, வெள்ளி

மழை. சவரக் கடை. பக்கத்து நாற்காலியில் இரண்டு பேர் பேச்சு.

"சுடலைமுத்துக்குச் சம்பளத்துல பிடிக்காகளாம்."

"எதுக்கு வே?"

"சுங்குடி ஒண்ணக் காணலயாம். கல்யாணக் கூட்டம் வந்த அன்னைக்குப் போயிருக்கு."

"அவனே எடுத்திருப்பானோ?"

"யாரு கண்டா. பொம்பளப் பிள்ள கெட்டிக் குடுக்க நிக்கில்லா."

பாதி முகத்தில் சோப்போடு உட்கார்ந்திருந்தேன். இந்த மனுஷன் ஒருத்தர் இருப்பது என் ஐந்து நியாயங்களில் எதிலுமே இல்லை.

கார்த்திகை 13, சனி

காலை செ.யிடம் சொன்னேன். அரிசிப் பானைக்குள் கைவிட்டுத் துணி முடிச்சை எடுத்துக் கொடுத்தாள். "பொங்கலுக்குப் பிள்ளைகளுக்குத் துணி கெடையாது" என்றாள்.

கடை முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"சேலை எங்க இருக்கு?"

"குருவிகுளத்துல, தங்கச்சிகிட்ட."

"நல்லது. இங்கன கொண்டாந்துராதேயும்."

பணத்தை நீட்டினேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "கோடிக்கு ரெண்டாந்தரம் துட்டு வாங்க மாட்டேன் வே. ஒரு வீட்டுக்கு ரெண்டு கோடி ஆகாது. உம்ம தங்கச்சி வீட்டுக்கும் ஆகாது, எனக்கும் ஆகாது." பணத்தோடு நின்றேன். பிறகு அவரே யோசித்து ஒரு வழி சொன்னார். "அது வேற, இது வேற. இன்னைக்கு நீரு நல்ல காரியத்துக்குச் சுங்குடி எடுக்க வந்திருக்கீரு. படியிறங்கி மறுபடி ஏறி வாரும்."

இறங்கி ஏறினேன். "வாங்க வாங்க" என்றார். உட்கார வைத்தார். கலர் சோடா வாங்கிவரச் சொன்னார். விலை சொன்னார். குறைத்துக் கேளும் என்றார். கேட்டேன். எட்டணா குறைத்தார். என் பேருக்கு அரக்குச் சுங்குடி 1 என்று சீட்டு எழுதிக் கிழித்துக் கொடுத்தார். போய்வருகிறேன் என்று சொல்லச் சொன்னார். சொன்னேன்.

சுடலைமுத்துவைக் கூப்பிட்டு, "வே, காணாமப் போனது கெடச்சாச்சு. பிடித்தம் கெடையாது" என்றார். அவர் தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். படிவரை வந்து மெதுவாகச் சொன்னார்: "எனக்குச் சந்தேகந்தான் அண்ணாச்சி. ஆனா சாவு வீட்டு ஆளுகிட்டப் போய் எப்படிக் கேப்பேன்?"

அவர் கேட்கவில்லை. நான் எட்டு நாள் அவரைத் திருடனாக நிற்க விட்டிருந்தேன். ஆனாலும் வீட்டுக்கு வரும்போது மனசு லேசாக இருந்தது. இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.

கார்த்திகை 16, செவ்வாய்

இதை எழுதத்தான் வேண்டுமா?

மத்தியானம் சாப்பிட வந்தேன். வாசலில் ஒரு தகரப் பெட்டி. பேச்சி வந்திருக்கிறாள். தனியாகப் பஸ் ஏறி, அங்கே யாரிடமும் சொல்லாமல். உள்ளறையிலிருந்து வெளியே வந்தாள். அந்தச் சிவப்புச் சேலையை உடுத்தியிருந்தாள். பழைய பேச்சியாகவே இருந்தாள்.

"அங்கன இருந்தா மாட்டுத் தொழுவத்தோட நானும் ஒண்ணுண்ணே. எட்டாங்கிளாஸ் பாஸ் பண்ணிருக்கேன்லா. டீச்சர் ட்ரெயினிங்குல சேத்து விடு. அது வரைக்கும் இங்கன ஒரு மூலையில கெடந்துக்கிடுதேன். வீட்டு வேல பூரா நான் பாக்கேன் மதினி."

செ. என்னைப் பார்த்தாள். எனக்குள் ஒரு கணக்கு ஓடியது. இரண்டு அறை, மூன்று பிள்ளைகள். அவள் மாமியார் வீட்டிலிருந்து ஆள் வரும். தெரு பேசும். சிவப்புச் சேலையோடு நிற்கிறாள், தெரு பேசாமல் இருக்காது. பள்ளிக்கூடத்தில் என்ன சொல்வார்கள்.

"இரு, யோசிச்சுச் செய்வோம்" என்றேன்.

"நீ யோசிச்சுத்தான இதக் குடுத்த" என்றாள். சிரித்தாள்.

அப்போது சொன்னேன். "பேச்சி, அது நான் எடுத்த சேல இல்ல. கடையில தவறிப் போய்ச் சேத்துக் கெட்டிட்டாக."

உண்மை என்பதால் சொன்னேன் என்று எழுத ஆசைதான். பதினோரு நாள் அந்த உண்மை என் வாயில்தான் கிடந்தது. அவளைத் திருப்பி அனுப்ப வேறு வழி தெரியாமல்தான் அதை எடுத்தேன்.

சேலைத் தலைப்பைக் கையில் எடுத்துப் பார்த்தாள்.

"அப்போ நீ வெள்ள மட்டுந்தான் எடுத்தியா?"

"ஆமா."

உள்ளே போய் மாற்றிக்கொண்டு வந்தாள். சிவப்பை மடித்து செ. கையில் கொடுத்தாள். "சாப்பிட்டுப் போடி" என்று செ. அவள் கையைப் பிடித்தாள். "பசியில்ல மதினி." பெட்டியைத் தூக்க நான் கை நீட்டினேன், தரவில்லை. பஸ் நிற்கிற இடம் வரை எனக்கு நாலு அடி முன்னாலேயே நடந்தாள். ஜன்னல் பக்கம் இடம் இருந்தும் அங்கே உட்காரவில்லை.

கார்த்திகை 18, வியாழன்

வெயில். கொடியில் போட்ட துணி எல்லாம் காய்ந்தது.

ஜவுளிக் கடை முதலாளி ஊரெல்லாம் சொல்லியிருக்கிறார். தலைமை ஆசிரியர் வாத்தியார்களை எல்லாம் கூட்டி வைத்து, "கேட்க நாதியில்லாத சேலைக்குத் தானாப் போய்த் துட்டுக் கெட்டின மனுசன் நம்ம பள்ளிக்கூடத்துல இருக்காரு" என்றார். கை தட்டினார்கள். நிப்புக்குக் கையெழுத்துப் போட்ட வாத்தியார் பலமாகத் தட்டினார். நான் குனிந்துகொண்டு நின்றேன். அடக்கம் என்று நினைத்திருப்பார்கள்.

வீட்டில் இரண்டு நாளாகப் பேச்சில்லை. சற்று முன் செ. கேட்டாள்.

"துட்டுக் கெட்டுனத அவகிட்டச் சொன்னீகளா?"

இல்லை என்றேன்.

"அவ வரும்போது கெட்டியாச்சுல்லா?"

ஆமாம். சனிக்கிழமை கட்டினேன், பேச்சி செவ்வாய்க்கிழமை வந்தாள். மூன்று நாளாக அது என் பேரில் சீட்டுப் போட்ட சேலை. நான்தான் உனக்கு எடுத்தேன் என்று சொல்லியிருந்தால் அது பொய்யே இல்லை.