கால் தரையை விட்டால்

பெரம்பலூர்,
17.6.2006, சனிக்கிழமை.

துபாயில் இருக்கும் என் வீட்டுக்காரர் அறிவரசன் அவர்களுக்கு அமிர்தவல்லி எழுதிக்கொள்வது.

நீங்கள் நலமாகத்தான் இருப்பீர்கள், அதைக் கேட்டு ஒரு வரியை வீணாக்கவில்லை. இங்கே நானும் உங்கள் அப்பாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். மாமாவுக்கு நன்றாகப் பசிக்கிறது, நன்றாகத் தூங்குகிறார். போன் போட்டால் நீங்கள் எடுப்பதில்லை. எடுத்தாலும் "சிக்னல் இல்ல, அப்புறம் பேசுறேன்" என்று வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் கடிதம். இதைப் பாதியில் வைக்க முடியாது பாருங்கள். நம் ஊர்த் தபால்காரர் எதையும் மாமா கையில் கொடுத்துவிட்டுத்தான் அனுப்புவார் என்பதால் பெரம்பலூர் வந்து நானே போடுகிறேன்.

ஊர்ச் செய்தி முதலில். மழை இல்லை. கொல்லையில் சேர்த்து வைத்த வெங்காயம் பட்டறையிலேயே அழுகிக்கொண்டிருக்கிறது, கொல்லைப் பக்கம் மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் போக வேண்டும். சிமெண்டுக் கம்பெனி விளம்பரத்துக்காக நீங்கள் ஓட்டிய ஆகாயக் கப்பலைக் காற்றை இறக்கி, போர்வை மடிப்பதுபோல மடித்து, லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். சிமெண்டு மூட்டைப் படம் போட்ட அந்த வெள்ளை வயிறு லாரிக்கு வெளியே தொங்கிக்கொண்டு போனது. கப்பல் சுற்றித் திரும்புவதற்காகக் கருவேல முள் வெட்டிச் சுத்தம் செய்த வட்டத்தில் இப்போது ஆடு மேய்கிறது. நட்ட நடுவில் கப்பலைக் கட்டிவைத்த அந்தக் கம்பம் மட்டும் நிற்கிறது. அதைப் பார்க்காமல் இருக்கவே சுற்றுப்பாதையில் போய் வருகிறேன்.

சுரேஷ்குமாரைத் திருச்சி ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். உங்கள் சித்தப்பா மகன்தானே, நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்கிறேன். இரண்டு காலிலும் கம்பி வைத்திருக்கிறார்கள். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி வருமா என்று டாக்டர் உறுதி சொல்லவில்லை. வலது மணிக்கட்டில் கயிறு அறுத்த தழும்பு வளையல்போல் சுற்றி இருக்கிறது. அவன் அம்மா சுந்தராம்பாள் சின்னத்தை அதன்மேல் துணியைப் போட்டு மூடி மூடி வைக்கிறார். யாரும் பார்க்கக் கூடாதாம்.

உங்கள் கப்பலுக்குக் கயிறு பிடித்த ராசாங்கம் இன்னும் ஜெயிலில்தான் இருக்கிறார். அவருடைய மனைவி கொளஞ்சியம்மாள் நம் வீட்டு வாசல்வரை வந்தாள். மாமா உள்ளே விடவில்லை. தெருவில் நின்றே என்னிடம் ஒன்றுதான் கேட்டாள், நீங்கள் எப்போது வருவீர்கள் என்று. எனக்கு அப்போது வந்த அருவருப்பு இருக்கிறதே, அது உங்கள் அப்பாமேல் மட்டும் வந்ததில்லை.

உங்களுக்கு நினைவிருக்கிறதா, தை மாதம் என்னை ஒருநாள் மேலே கூட்டிப்போனீர்கள். விடிந்தும் விடியாத நேரம். வெயில் ஏறினால் உள்ளே இருக்கும் வாயு சூடாகி உப்பும், அப்புறம் கப்பல் கீழே இறங்க அடம் பிடிக்கும், அதனால்தான் காலையிலேயே போய் வந்துவிட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தீர்கள். ராசாங்கமும் அவர் ஆட்களும் இரண்டு பக்கமும் கயிற்றைப் பிடித்து நடந்து, கப்பலின் முகத்தைக் காற்றுக்கு எதிரே திருப்பி, மெல்ல விட்டார்கள். நான் பயத்தில் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது ரஞ்சன்குடிக் கோட்டை கீழே கிடந்தது. அந்தப் பக்கம் அரியலூர்ச் சுண்ணாம்புப் பள்ளங்கள் வெளேரென்று தெரிந்தன.

நீங்கள் மோட்டாரைக் குறைத்துவிட்டு, "இப்ப கேளு" என்றீர்கள். அடி ஆத்தி! எல்லாம் கேட்டது. பருத்திக் காட்டில் ஒருத்தி ஆட்டைத் திட்டுவது கேட்டது. யார் வீட்டிலோ குழாயடியில் குடம் இடிபடுவது கேட்டது. விமானத்தில் போகிறவனுக்கு இந்தச் சுகம் கிடையாது, அவன் ஊரைத் தாண்டிப் போகிறவன், நான் ஊரோடு ஊராக மேலே இருக்கிறவன், ஆகாயக் கப்பலில் இருந்தால் கீழே மூச்சு விடுவதுகூடக் கேட்கும் என்று பெருமையாகச் சொன்னீர்கள். அன்றைக்கு உங்களைக் கட்டிக்கொண்டதற்கு எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

அப்படிப்பட்ட மனிதர் போலீசில் என்ன எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள்? "நான் மேலே இருந்தபடியால் கீழே நடந்தது எதுவும் தெரியவில்லை. யார் கத்தியதும் காதில் விழவில்லை." இன்ஸ்பெக்டரே என்னிடம் படித்துக் காட்டினார். சீ என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். அவரைச் சொன்னதாக நினைத்து அவர் முறைத்தார்.

தேர் அன்று நடந்ததை உங்களுக்கே நான் சொல்ல வேண்டியிருக்கிறது. கப்பலிலிருந்து தேர்மேல் பூத் தூவ வேண்டும் என்று ஆசைப்பட்டது மாமா. கம்பெனியும் விளம்பரம் ஆயிற்றே என்று சம்மதித்தது. பூ மூட்டைகள் வந்து இறங்கிய பிறகுதான் மாமா அந்தப் பேச்சை எடுத்தார். "காலனிக்காரன் கை பட்ட கயித்துல சாமி பூவு மேல போவக் கூடாது" என்றார். மாசக்கணக்கில் அந்தக் கைகள் இறக்கிய கப்பலில்தான் அவர் பிள்ளை உயிரோடு வந்து இறங்கினான், அப்போது தீட்டு இல்லை. நீங்கள் மறுத்துச் சொல்வீர்கள் என்று நான் உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் ராசாங்கத்தின் தோளைத் தட்டி, "இன்னைக்கு ஒரு நாள் ஒதுங்கி நின்னுக்க" என்றீர்கள்.

அவர் கோபப்படவில்லை. "சரிங்க. ஈரக் கயிறு வழுக்கும், கையில சுத்திக்க வேணாம்னு மட்டும் அவங்ககிட்ட சொல்லிடுங்க" என்றுதான் கேட்டுக்கொண்டார். ஏனென்றால் அதற்குள் கயிறுகளை அவிழ்த்துப் போட்டு மஞ்சள் தண்ணீரும் கோமியமும் ஊற்றிக் கழுவிக்கொண்டிருந்தார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு அதையும் பார்த்தேன். நீங்கள் தலையாட்டினீர்கள். ஆனால் அவர்களிடம் அதைச் சொல்லவில்லை. நம் ஆட்கள் சட்டையைக் கழற்றிவிட்டு, நெற்றி நிறையத் திருநீறோடு கயிற்றைப் பிடிக்க வந்தார்கள். நீங்கள் அவர்களைக் கும்பிட்டுவிட்டு ஏறிக்கொண்டீர்கள்.

பூத் தூவினீர்கள். ஊரே கைகூப்பியது. எனக்கும் அந்த நிமிஷம் கண் கலங்கியது, பொய் சொல்லவில்லை. திரும்பி வரும்போது பூவின் பாரம் இல்லாமல் கப்பல் லேசாகிவிட்டது. லேசான கப்பல் இறங்கினால் வேறு எதற்கும் முன்னால் மணல் மூட்டையை மாட்ட வேண்டும் என்பது எனக்கே தெரியும். ராசாங்கத்தின் ஆட்கள் பேசாமல் அதைத்தான் முதலில் செய்வார்கள். நம் ஆட்கள் ஒரு கையால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அரோகரா போட்டார்கள். கயிறு மஞ்சளில் வழுக்கியது. மாட்டுக் கயிற்றைச் சுற்றிப் பிடிப்பதுபோல சுரேஷ்குமார் கையில் சுற்றிக்கொண்டான். அப்போதுதான் அந்தக் காற்று வந்தது.

எல்லோருடைய காலும் தரையை விட்டுக் கிளம்பியது. ஒதுங்கி நின்ற ராசாங்கம் தொண்டை கிழியக் கத்தினார். "காலு தரையை விட்டா கையை விடு! விடு!" தேர்ச் சத்தத்தையும் தாண்டி அது எனக்குக் கேட்டது. கால் தரையை விட்டால் கயிற்றை விட வேண்டும், ஒரு நொடி தாமதித்தாலும் கை விடப் பயப்படும் உயரம் வந்துவிடும். அந்த விதியை அவருக்குச் சொல்லிக்கொடுத்ததே நீங்கள்தான். மற்றவர்கள் விட்டார்கள். சுரேஷ் விட முடியாமல் தொங்கினான். தென்னை உயரத்தில் கயிறு கழன்று விழுந்தான். கயிறு பிடிக்க ஆள் இல்லாமல் ஆடி, மறுபடி தாழ வந்த உங்கள் கப்பலை ஓடிவந்து பிடித்து, மூட்டை மாட்டி, உங்களைப் பத்திரமாக இறக்கியது யார்? தீட்டுக் கைகள்தான்.

அன்று சாயங்காலமே மாமா புகார் எழுதிவிட்டார். ஒதுக்கி வைத்த கோபத்தில் ராசாங்கம் வேண்டுமென்றே கயிற்றை விடச் சொல்லிக் கத்தினானாம், அதனால்தான் எல்லோரும் விட்டு, சுரேஷ் தனியாக மாட்டிக்கொண்டானாம். காப்பாற்றச் சொன்ன வார்த்தையைக் கொலை செய்யச் சொன்ன வார்த்தையாக ஆக்கிவிட்டார்கள். மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் கழுவிய கயிற்றைக் காணோம், எரித்துவிட்டார்களாம். புகார் எழுதிய அந்தக் கையால்தான் மாமா தினமும் எனக்கு விபூதி தருகிறார். வாங்கி, கொல்லைக்குப் போய்க் கை கழுவிவிட்டு வருகிறேன்.

சின்னத்தை மட்டும் பக்கத்தில் இருக்கும்போது சுரேஷ் என்னிடம் சொன்னான். "ராசாங்கத்தண்ணன் விடச் சொன்னது நல்லா காதுல வுளுந்துச்சி அண்ணி. கையில சுத்தியிருந்துச்சி, எடுக்க வரல." ராசாங்கத்தைப் பேர் சொல்லி வாடா போடா என்று கூப்பிட்ட பையன். அவன் வாயில் அண்ணன் என்று வந்ததும் சின்னத்தை அவன் வாயைப் பொத்தினார். அவனுடைய ஆஸ்பத்திரிச் செலவு மாமா கையில் இருக்கிறது, அவன் வெளியே சொல்ல மாட்டான்.

அடுத்த மாதம் பத்தாம் தேதி ஆர்.டி.ஓ. ஆபீசில் விசாரணை. நான் போகிறேன். பார்த்ததையும் கேட்டதையும் சொல்லப் போகிறேன். மாமாவிடமும் சொல்லிவிட்டேன். அப்படியானால் இந்த வூட்டுப் படி ஏறாதே என்றார். சரி என்றேன். ஆனால் வக்கீல் சொல்கிறார், கயிற்றைப் பற்றி ஒரு பெண்பிள்ளை என்ன சொன்னாலும் எடுபடாது, கப்பலை ஓட்டியவர் வந்து அது தன்னுடைய விதிதான் என்று ஒரு வார்த்தை சொன்னால் ராசாங்கம் அன்றைக்கே வெளியே வந்துவிடுவார் என்று. சொன்னால் உங்கள் அப்பா மாட்டிக்கொள்வார், எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும். அதனால்தான் துபாய் உங்களுக்கு அவ்வளவு பிடித்துப் போய்விட்டது.

உங்கள்மேல் எனக்கு இப்போது ஆசை இல்லை. தட்டில் உங்கள் பேர் போட்டிருக்கிறது என்று அதில் சோறு போடக்கூடக் கை கூசுகிறது. இருந்தாலும் கொளஞ்சியம்மாள் கேட்ட கேள்விக்கு ஒரு பதில் வேண்டும். நீங்கள் எப்போது வருகிறீர்கள்?

என் கால் இன்னும் தரையில்தான் இருக்கிறது. அதனால்தான் கயிற்றை விடவில்லை. பத்தாம் தேதிக்குள் வந்து சேருங்கள். சாமி உங்களுக்கு நல்ல காதைக் கொடுத்திருக்கிறது. அதை எடுத்துக்கொள்ளாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
இன்னும் உங்கள் மனைவியாக இருக்கும்
அமிர்தவல்லி