ஆளுக்கு அடிக்காத மணி

கீரியின் காவலருக்கு,

ஃபோனில் பேசினால் வாயில் நல்ல வார்த்தை வராது. அதனால் எழுதுகிறேன். தோட்டத்துக் கேமராவைக் கழற்றிப் பரணில் போட்டுவிட்டேன்.

வெளியூர் வேலைக்குக் கிளம்பும்போது அதை மாட்டிவிட்டு என்ன சொன்னீர்கள்? "நீ நாள் முழுக்க குறுக்கும் நெடுக்கும் நடப்ப. ஆள் வந்தா என் ஃபோன்ல மணி அடிக்காத மாதிரி வச்சிருக்கேன். கீரி, பறவை வந்தா மட்டும்தான் அடிக்கும்." நானும் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டினேன்.

செவ்வாய்க்கிழமை காலை துணி காயப்போடும்போது பாசியில் வழுக்கி விழுந்தேன். எழுந்திருக்க முடியவில்லை. கத்திக் கத்தித் தொண்டை வறண்டது. பைத்தியக்காரி போல அந்தக் கேமராவைப் பார்த்துக் கையாட்டிக்கொண்டே கிடந்தேன். அரை மணி நேரம் கழித்துப் பக்கத்து வீட்டுத் தையல்காரம்மாதான் ஓடி வந்தார்.

சாயந்திரம் ஆஸ்பத்திரியில் இருந்தபோது கூப்பிட்டீர்கள்.

"கீரி எவ்வளவு கிட்ட வந்துச்சு! நீ எதுக்குக் கையை ஆட்டின? பயந்து ஓடிடுச்சு பாரு!"

ஃபோனை வைத்துவிட்டேன்.

அது பயந்து ஓடவில்லை. பக்கத்தில் வந்து நின்று, என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் போனது.

மாவுக்கட்டுப் போட்ட காலோடு,
உங்கள் மனைவி